வீட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கும் மரம்: கோடரிக்கு முன்னால் ஒரு கடிதம்

மே மாதம் பிறந்து தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை பக்கங்களிலிருந்து ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். லயன் கூரை மீது மரம் முறிந்து விழுந்தது, பிரதான வீதியில் போக்குவரத்து தடைப்பட்டது, இரண்டு நாட்களாக மின்சாரம் இல்லை. சில வருடங்களில் உயிர்களும் போகின்றன. "சீரற்ற காலநிலை காரணமாக" என்று செய்தி முடிந்துவிடும். நாமும் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

ஆனால் மரம் விழுந்த வீட்டாரிடம் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "இது ஒருநாள் விழும் என்று எங்களுக்குத் தெரியும்" என்பார்கள். யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டால், "கணக்கப்பிள்ளையிடம் சொன்னோம்", "தலைவரிடம் சொன்னோம்" என்பார்கள். எழுத்தில் கொடுத்தீர்களா என்று கேட்டால் பதில் இருக்காது.

மலையக நகரமொன்றில் வாழ்ந்து, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அயலவர்களுக்கும் பல வருடங்களாக மனுக்கள் எழுதிக் கொடுத்து வருபவன் என்ற வகையில் நான் கண்டது இதுதான்: ஆபத்தான மரத்தை அகற்ற முடியாமல் இருப்பதற்குச் சட்டம் காரணமாக இருப்பது குறைவு. மரம் யாருடையது என்று தெரியாமல் இருப்பதும், தெரிந்தவரிடம் எழுத்தில் கேட்காமல் இருப்பதுமே பெரிய காரணங்கள். கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் இரவோடிரவாக வெட்டிவிட்டு வழக்கில் மாட்டிக்கொள்வதும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்வழி இருக்கிறது.

முதல் கேள்வி: மரம் யாருடையது?

மலையகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மற்ற இடங்களைப் போல எளிதல்ல. நம் நகரங்களில் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் பாதி, தோட்டக் காணியின் எல்லையில்தான் நிற்கின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் நமது உறுதிக் காணி. அந்தப் பக்கம் தேயிலை மலை. மலை விளிம்பில் வரிசையாக நிற்பவை சவுக்கும் யூக்கலிப்டஸும்.

இந்த மரங்கள் தாமாக வளர்ந்தவை அல்ல. சவுக்கு தேயிலைக்கு நிழலுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் நடப்பட்டது. டர்பன்டைன் என்று நம்மவர் சொல்லும் யூக்கலிப்டஸ், ஸ்டோருக்கு விறகாகவும் பலகையாகவும் பயன்படுவதற்காக நடப்பட்டது. நட்டபோது அருகில் வீடு இல்லை. மரம் வளர்ந்தது, நகரமும் வளர்ந்தது. இரண்டும் இப்போது ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக நிற்கின்றன.

தோட்டக் காணியின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையாக மாறியது. ஆகவே பெரும்பாலான தோட்டங்களில் நிலம் அரசுடையது, அதை ஆள்வது கம்பனி. லயனில் நான்கு தலைமுறையாக இருப்பவருக்கும் தன் காம்பராவின் பின்னால் நிற்கும் மரத்தில் ஒரு கிளையை வெட்டச் சட்டப்படி உரிமை கிடையாது.

இந்த விடயத்தில் மிகவும் பாதிக்கப்படுபவர் அவர்தான். மரம் விழுந்தால் அவருடைய கூரை உடையும். மரத்தை வெட்டினால் அவர்மீதே களவு, சொத்துச் சேதம் என்று முறைப்பாடு வரலாம். 2015ஆம் ஆண்டுக்குப் பின் 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்றவர்களின் நிலை சற்று வேறு. உறுதி கையில் கிடைத்து, மரம் அந்த எல்லைக்குள் இருந்தால் அது அவர்களுடையது. உறுதி இன்னும் வராதவர்கள் தோட்ட நிர்வாகத்தையும் பிரதேச செயலகத்தையும் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

தோட்டத்து மரமாக இருந்தால்

தோட்ட முகாமையாளருக்கு, அதாவது பெரிய துரைக்கு, எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது காற்றோடு போய்விடும். முகாமையாளரும் நினைத்தவுடன் மரத்தைச் சாய்க்க முடியாது. குத்தகை நிபந்தனைகளும் அரச அனுமதிகளும் அவருக்கும் உண்டு. எனவே உங்கள் கடிதம் அவருக்குச் சுமை என்று எண்ண வேண்டாம். மேலிடத்தில் அனுமதி கேட்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைத்தான் நீங்கள் எழுத்தில் கொடுக்கிறீர்கள்.

பிரதிகளைக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், பிரதேச சபை, பொலிஸ் நிலையம் ஆகியவற்றுக்கு அனுப்புங்கள். தோட்டப் பகுதிக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு நீண்டகாலம் தடையாக இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. "தோட்டம் எங்கள் எல்லைக்குள் வராது" என்று இனியும் யாராவது சொன்னால் இந்தத் திருத்தத்தை நினைவூட்டலாம்.

கடிதத்துக்கு அசைவே இல்லை என்றால் அடுத்த படி பொலிஸ். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லையாக மாறிய ஒன்றை அகற்றும்படி உத்தரவிட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. பலருக்கும் ஆபத்தாக நிற்கும் மரம் பற்றிய முறைப்பாட்டைப் பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகும் வழி இதுதான். ஒரு வீட்டார் மட்டும் கையெழுத்திடுவதை விட, அந்த மரத்தடியால் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்டால் அது பொதுப் பிரச்சினை என்பது விளங்கும்.

சொந்தக் காணியில் நிற்கும் மரம்

"என் காணி, என் மரம், யாரைக் கேட்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இனத்தைப் பொறுத்து விடை மாறும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. நுவரெலியாவின் குளிரில் பலாவைக் காண்பது அரிது என்றாலும், கினிகத்தேனை, கொத்மலை, நாவலப்பிட்டி பக்கம் வீட்டுக்கு வீடு பலா உண்டு. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலாளரிடம் விண்ணப்பித்து அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். வீட்டுக்கு ஆபத்து என்பது நியாயமான காரணம். அதிகாரிகள் வந்து பார்த்து முடிவு செய்வார்கள்.

மற்ற இனங்களை வெட்ட அனுமதி தேவைப்படாவிட்டாலும், வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றும்போது சட்டம் குறுக்கே வரும். பல மர இனங்களைக் கொண்டுசெல்ல வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் தேவை. விலக்களிக்கப்பட்ட இனங்களும் உண்டு. உங்கள் மரம் எந்தப் பட்டியலில் வருகிறது என்பதை வெட்டுவதற்கு முன்பே அருகிலுள்ள வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் வாங்க வருபவர் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அனுமதிப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். சோதனையில் லொறி பிடிபட்டால் மரம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் வீட்டுக்கும் வந்து கேட்பார்கள். சங்கிலிவாள்களைப் பதிவு செய்யும்படி 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் அறிவித்ததும் நினைவிருக்கட்டும். வெட்ட வருபவரின் வாள் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்பதில் தவறில்லை.

ஓடைக்கரையில் நிற்கும் மரம் என்றால் இன்னும் கவனம் தேவை. நீரோடைகளின் இருபுறமும் அரச ஒதுக்கு நிலம் இருக்கும். உங்கள் வேலி அதையும் சேர்த்து அடைத்திருந்தாலும் அதிலுள்ள மரம் உங்களுடையது ஆகாது.

அயலவரின் மரம்

அயலவரின் கிளை நம் கூரை மீது தொங்கினால், நமது நாட்டில் இவ்விடயத்தில் பின்பற்றப்படும் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி முதலில் அவரிடம் வெட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் நம் எல்லைக்குள் நீண்டிருக்கும் பகுதியை மட்டும் வெட்டலாம். அவருடைய காணிக்குள் நுழையவோ, அடிமரத்தைத் தொடவோ, மரத்தைப் பட்டுப்போகச் செய்யவோ உரிமை இல்லை.

அடிமரத்தில் துளையிட்டுப் பெருங்காயம் வைப்பது, பட்டையைச் சுற்றி உரித்துவிடுவது போன்ற வேலைகள் நம் ஊர்களில் நடக்காமல் இல்லை. இது சட்டத்துக்கும் புறம்பு, புத்திக்கும் புறம்பு. பட்டுப்போன மரம் வேர் உளுத்து, கிளை காய்ந்து, பச்சை மரத்தை விட முன்னதாக விழும். அது விழும் திசையில் இருப்பதும் நம் வீடுதான்.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு சம்பவத்தைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஸமுரா இப்னு ஜுன்துப் அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் பேரீச்ச மரங்கள் இருந்தன. அவர் வந்து போவது அங்கே குடும்பத்துடன் இருந்த அந்தத் தோழருக்குச் சிரமமாக இருந்தது. விற்கச் சொல்லியும், வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. விடயம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் சென்றது. அன்பளிப்பாகக் கொடுத்துவிடும்படி அவர்கள் கூறியும் மறுத்தபோதுதான், பிறருக்குத் தீங்கு செய்பவர் என்று அவரைக் கூறி, மரங்களைப் பிடுங்கிவிடும்படி அன்ஸாரித் தோழருக்கு உத்தரவிட்டார்கள். மரத்தின் மீதுள்ள உரிமை அயலவருக்குத் தீங்கு செய்யும் உரிமை அல்ல என்பது இதில் தெளிவு. அந்தத் தோழர் தாமாக மரத்தை வெட்டவில்லை, அதிகாரமுள்ள இடத்தில் முறையிட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருந்தார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நம் காலத்தில் அந்த வழக்கை எடுத்துச் செல்ல மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணி தேவையில்லை. எல்லை மரம் போன்ற பிணக்குகள் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுபடுவதை விட இங்கே ஓரிரு அமர்வுகளில் முடிவதற்கு வாய்ப்பு அதிகம்.

நமது பள்ளிவாசல் காணியிலும் மையவாடியிலும் நிற்கும் மரங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றுக்கு உரிமையாளர் இடத்தில் இருப்பது நிர்வாக சபை. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர்கள் அந்தச் சொத்துக்குப் பொறுப்பானவர்கள். மையவாடி மரம் பக்கத்து லயனுக்கு மேலே சாய்ந்திருந்தால், அந்த லயன் மக்கள் கடிதம் எழுதும்வரை காத்திருக்கக் கூடாது. வெட்டிய மரத்தை விற்ற பணமும் வக்பு கணக்கில்தான் சேர வேண்டும்.

வீதியோரமும் மின்கம்பியும்

வீதியோர மரம் யாருடையது என்பது வீதியைப் பொறுத்தது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் ஊடாக நுவரெலியா செல்லும் ஏ7 போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. மற்றவை மாகாண வீதி நிர்வாகத்துக்கோ மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கோ உரியவை. ரயில் பாதையோரம் என்றால் ரயில்வே திணைக்களம். இவை பொதுச் சொத்து. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் சட்டத்தின் கீழ் சேதத்தின் பெறுமதி கூடினால் பிணை கிடைப்பதும் கடினம். கடைக்கு முன்னால் பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று வீதி மரத்தை வெட்டத் துணிபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மீது பெரிய மரம் சரிந்து ஐவர் உயிரிழந்ததை நாடே பார்த்தது. தலைநகரின் நடுவில் நின்ற மரத்துக்கே அந்த நிலை என்றால், மலையகத்தின் வளைவு வீதிகளில் வேர் வெளியே தெரிய நிற்கும் மரங்களை யாராவது எழுதித் தெரிவித்தால்தான் அதிகாரிகளின் கவனத்துக்கு வரும்.

மின்கம்பியில் உரசும் கிளையை எக்காரணம் கொண்டும் நீங்களோ கூலிக்காரரோ வெட்ட வேண்டாம். ஈரமான கிளை மின்சாரத்தைக் கடத்தும். உங்கள் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். கம்பிகளுக்கு இடையூறான மரங்களை வெட்டவும் கிளை கழிக்கவும் 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வழி செய்தது. மரம் விழும் தறுவாயில் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எந்நேரமும் இருக்கிறது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

மரம் நிற்கும் இடம், இனம், வீட்டிலிருந்து எத்தனை அடி தூரம், மரத்தின் உயரம் ஏறத்தாழ எவ்வளவு என்று எழுதுங்கள். மரத்தின் உயரம் வீட்டுக்கான தூரத்தை விடக் கூடுதலாக இருந்தால் அது விழும்போது வீட்டைத் தொடும், அதைக் குறிப்பிடுங்கள். ஆபத்தின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா? அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா? நுனி காய்ந்திருக்கிறதா? மரம் பொந்தாகியிருக்கிறதா? வீதிக்கோ கட்டடத்துக்கோ மண் வெட்டியதில் வேர் அறுபட்டிருக்கிறதா? திகதியுடன் இரண்டு மூன்று புகைப்படங்களை இணையுங்கள். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள்.

தமிழில் எழுதலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். அரச அலுவலகத்திலிருந்து பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அந்தக் கோரிக்கை பற்றிய முடிவை அறிவிக்க வேண்டும்.

இந்தக் கடிதத்துக்கு இன்னொரு பலன் உண்டு. மரம் விழுந்து சேதம் வந்தால், "எங்களுக்குத் தெரியாது, இது இயற்கை" என்று உரிமையாளர் சொல்ல முடியாது. ஆபத்தை அறிந்திருந்தும் நியாயமான நடவடிக்கை எடுக்காதது கவனயீனம். நட்டஈட்டு வழக்கில் அந்தப் பற்றுச்சீட்டுத்தான் முதல் சாட்சி. இதை அறிந்திருப்பதால்தான் எழுத்தில் வரும் முறைப்பாட்டுக்கு வாய்வார்த்தையை விட மதிப்பு அதிகம்.

எல்லா மரத்தையும் வெட்டிவிட வேண்டுமா?

வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்ததையும் நாம் மறக்க முடியாது. மண்சரிவுக்குக் காரணங்கள் பல. ஆனால் சரிவில் நிற்கும் மரத்தின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது உண்மை. மரத்தை வெட்டிய மறுநாள் எதுவும் நடக்காது. அடுத்து வரும் சில வருடங்களில் வேர் உளுத்துப்போகும்போதுதான் மண்ணின் பிடி தளரும்.

ஆகவே வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான மலை என்றால், பிரதேச செயலாளர் ஊடாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கேளுங்கள். பல இடங்களில் உச்சியையும் பாரமான கிளைகளையும் கழித்தாலே போதும். வெட்டியே ஆக வேண்டுமானால் ஒரே நாளில் வரிசையாகச் சாய்க்காமல், ஆபத்தானதை முதலில், மற்றதைப் பிறகு என்று கட்டம் கட்டமாக வெட்டலாம். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம். வெற்றிடத்தில் வெட்டிவேரையோ அதிகம் உயராத மரங்களையோ நட்டுவிடுங்கள். அதே நேரம், இன்னொரு அறை கட்டுவதற்காக மேட்டை அடியில் வெட்டிக்கொண்டே போனால், எந்த மரத்தின் வேரும் தாங்காது.

இந்த வேலைகளுக்கு உகந்த காலம் தை முதல் பங்குனி வரையிலான வறண்ட மாதங்கள். அனுமதிகளுக்கு வாரங்கள் ஆகும் என்பதால் கடிதம் அதற்கும் முன்னரே போயிருக்க வேண்டும்.

நகரத்தில் இருக்கும் நமக்கு உறுதி இருக்கிறது, தெரிந்த சட்டத்தரணி இருக்கிறார், பிரதேச செயலகத்துக்குப் போய்வர நேரமும் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் லயனில் இருப்பவர் ஒருநாள் அலுவலகம் போனால் அன்றைய பேர் இல்லை. அவருடைய கூரைக்கு மேலே நிற்கும் மரமும் நம் கூரைக்கு மேலே நிற்கும் மரமும் ஒரே வரிசையில் நட்டவைதான். ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, பள்ளிவாசலில் மனு எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்தால், இரு பக்கத்தாருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதிவிடலாம். கையெழுத்துகளில் அவர்களுடைய பெயர்களும் இருக்கட்டும்.